குஸ்கோவில் "உணவு ட்ரெக்" என்று விற்கிறார்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆண்டீஸ் பக்கம் போகலாம் என்ற யோசனையில் இருக்கிறவர்களுக்காக, அதிலும் ஜோடியாகப் போய் அங்கே ஏதாவது ஒரு குழுவோடு ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன ஜூனில் நானும் என் வீட்டுக்காரரும் பெரு நாட்டில் குஸ்கோவிலிருந்து சல்கன்தாய் மலைவழியாக, இன்கா காலத்து இடிபாடுகள் இருக்கிற மச்சு பிச்சுவுக்கு ஐந்து நாள் நடந்து போனோம். மலையைப் பற்றி எந்தக் குறையும் இல்லை, அதை விற்றவர்களைப் பற்றித்தான். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. அந்தத் தெருவில் வரிசையாக இருக்கிற பாதிக் கடைகள் இதே வேலையைத்தான் செய்கின்றன என்று பிறகு தெரிந்தது, ஒரு பெயரைச் சொன்னால் பக்கத்துக் கடையில் போய் நம்பிப் பணம் கட்டிவிடுவீர்கள்.

குஸ்கோ கிட்டத்தட்ட 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். போய் இறங்கிய முதல் நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை கிண்கிண் என்று இருக்கும், அந்த நிலைமையில் எதையும் நிதானமாக யோசிக்க முடியாது. நாங்கள் அந்த நாளில்தான் டூர் புக் பண்ணப் போனோம். முதல் தப்பு அது. பிளாசா தெ ஆர்மாஸ் சதுக்கத்திலிருந்து ஒரு சந்து தள்ளிச் சின்னக் கடை, உட்காரவைத்துக் கோக்கா இலைத் தண்ணீர் கொடுத்து, கல்யாண ஆல்பம் மாதிரி ஒன்றை எடுத்து நீட்டினார்கள். பேக்கேஜின் பெயரே ஜோடிகளுக்கான உணவு ட்ரெக். ஆறு ஜோடி மட்டும், வேளைக்கு ஒரு உள்ளூர்ச் சாப்பாடு, கினோவா சூப், நன்னீர் மீன், மண்ணுக்குள் சுட்ட கிழங்கு, மூன்றாம் நாள் ராத்திரி சாந்தா தெரேசா என்ற ஊரில் பச்சமான்கா என்ற குழிச் சமையல். கடைசி நாள் மச்சு பிச்சுவில் இரண்டாம் சர்க்யூட் (உள்ளே சுற்றிப் பார்க்கிற வழிகளில் ஒன்று), திரும்பி வர ரயில். ஆளுக்கு 490 டாலர். கார்டு என்றால் 5 சதவீதம் கூட என்றார்கள், சரி என்று ரொக்கமாகக் கொடுத்துவிட்டோம். இரண்டாவது தப்பு. கையில் வந்தது கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, அதில் "எல்லாம் அடக்கம்" என்று ஸ்பானிஷில் ஒரே ஒரு வரி.

விடிகாலை நாலரைக்கு வேன் வந்தது. ஏறிப் பார்த்தால் ஏற்கெனவே 15 பேர். கைடு கையில் இருந்த பட்டியலில் மேலே வேறொரு ஏஜென்சியின் பெயர், எங்கள் பெயர் எங்கேயும் இல்லை, "2 பேர்" என்று மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. கேட்டபோது அந்தக் கைடு மறைக்காமல் சொன்னார்: "உங்களையெல்லாம் அஞ்சு கடையிலிருந்து அனுப்பியிருக்காங்க, எங்களுக்கு வர்றது ஒரே ரேட்தான், அவங்க உங்ககிட்ட என்ன சொல்லி வித்தாங்கன்னு எனக்குத் தெரியாது." அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல மனிதர், கடைசிவரை எங்களோடு பொறுமையாக நடந்தார். வேனில் பேச்சு வாக்கில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வெளியே வந்தது. பின் சீட்டில் இருந்த பிரேசில் ஜோடி 310, இரண்டு ஜெர்மன் மாணவர்கள் 280. ஒரே வேன், ஒரே டென்ட், ஒரே சாப்பாடு. எங்கள் 490-ஐச் சொன்னதும் வண்டிக்குள் சட்டென்று அமைதியாகிவிட்டது, ஜெர்மன் பையன் பாவம் பார்த்து எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தான்.

விஷயம் இவ்வளவுதான்: சதுக்கத்தில் இருக்கிற கடைகளில் பெரும்பாலானவை புரோக்கர் கடைகள். ட்ரெக் நடத்துகிற நிறுவனம் வேறு. கடைக்காரர் தன் கமிஷனை வைத்துக்கொண்டு ஆளை அந்தப்பக்கம் தள்ளிவிடுவார். உங்களுக்குத் தந்த வாக்குறுதி எதுவும் உங்களோடு வேனில் ஏறாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன், போனதே அதற்காகத்தான். முதல் நாள் மோயேபாத்தாவில் காலை உணவு "அடக்கத்தில் வராது". மதியம் சோராய்பம்பாவில் பாக்கெட் சூப், வெள்ளைச் சோறு, தக்காளி சாஸ் ஊற்றிய ஸ்பாகெட்டி. ராத்திரி அதே சூப். நான் சைவம், அதை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன், கடைக்காரி மூன்று முறை தலையாட்டினாள். தட்டில் கோழி வந்தது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அங்கே போகிற சைவக்காரர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: ஸ்பானிஷில் "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று சொன்னால் மாட்டிறைச்சி இல்லாமல் என்றுதான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள், கோழியும் மீனும் அந்தக் கணக்கில் வராது. "நி போயோ, நி பெஸ்காதோ" என்று கோழியையும் மீனையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் சூப்பின் அடித்தண்ணீர் கோழி வேகவைத்ததாக இருக்கலாம். மூன்று நாள் நான் ஆம்லெட்டிலும் சோற்றிலும் ஓட்டினேன். வீட்டுக்காரர் எதையும் சாப்பிடுவார், கினிப் பன்றி வறுவல் ஒருமுறையாவது ருசி பார்க்கணும் என்று சென்னையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர், அவருக்கும் கிடைத்தது அதே ஸ்பாகெட்டிதான்.

இந்த ஐந்து நாளில் உள்ளூர்ச் சாப்பாடு என்று ஒன்று எங்கள் வாயில் பட்டது இரண்டாம் நாள், அதுவும் பேக்கேஜில் இல்லாதது. 4,600 மீட்டருக்கு மேல் இருக்கிற கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் சரிவில் கால் நடுங்க இறங்கி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தோம். மூட்டை ஏற்றி வந்த கோவேறு கழுதைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தன் துணி முடிச்சை அவிழ்த்தார். வறுத்த சோளம், ஒரு துண்டு வெள்ளைப் பாலாடைக்கட்டி, அப்புறம் கூழாங்கல் மாதிரிக் கறுப்பாக நாலைந்து உருண்டை. சூன்யோ. ஜூன் மாத ராத்திரியில் இந்த உயரத்தில் தண்ணீர் உறைந்துவிடும், அந்தப் பனியில் உருளைக்கிழங்கைத் தரையில் பரப்பி உறையவிட்டு, பகலில் வெயிலில் இளகினதும் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, திரும்பத் திரும்பக் காயவைப்பார்கள். வருஷக்கணக்கில் கெடாது. நம் ஊரில் வெயிலை நம்பி வற்றல் போடுவது போல இவர்கள் பனியையும் சேர்த்து நம்பி வற்றல் போடுகிறார்கள். அவர் ஒன்றை எடுத்துப் பிய்த்து ஆளுக்குப் பாதி கொடுத்தார். கொஞ்சம் மண் வாசனை, கொஞ்சம் ரப்பர் மாதிரி இழுவை, பாலாடைக்கட்டியோடு சேர்த்துக் கடித்தால் நன்றாகவே இருந்தது. என் பையில் இருந்த கடலை மிட்டாயைக் கொடுத்தேன், இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும்.

இப்போது பச்சமான்கா. கெச்சுவா மொழியில் பச்சா என்றால் நிலம், மான்கா என்றால் பானை. குழி தோண்டி, கல்லை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் மசாலா தடவிய இறைச்சி, கிழங்கு, பச்சை மொச்சை மாதிரி ஒரு பயறு, சோளம் எல்லாவற்றையும் அடுக்கி, வகதாய் என்ற வாசனைத் தழையைச் சேர்த்து, இலையும் ஈரத்துணியும் போட்டு மேலே மண்ணால் மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரம் போனதும் மண்ணை விலக்கித் திறக்கிற அந்த நேரம்தான் அதில் விசேஷமே. ஆல்பத்தில் மூன்று பக்கம் அந்தப் போட்டோதான் இருந்தது, அதைக் காட்டித்தான் எங்களை மடக்கினார்கள்.

சாந்தா தெரேசா முகாமில் மூன்றாம் நாள் ராத்திரி எங்களைக் கூப்பிட்டு ஒரு குழியைக் காட்டினார்கள். சுற்றிலும் கரி பிடித்த கற்கள், நடுவில் சாம்பல். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் சமையல்காரர். நான் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. பத்து நிமிஷத்தில் கூடாரத்துக்குள்ளிருந்து அலுமினியப் பாத்திரத்தில் சாப்பாடு வந்தது. சுட்ட கிழங்கைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான், தோல் காய்ந்து சுருங்கி, ஒரு பக்கமாவது கருகி, உரிக்கும்போது விரல் சுடும். இந்தக் கிழங்கின் தோல் ஈரமாக வழவழவென்று கையோடு வந்தது, உடைத்தால் உள்ளே தண்ணீர். தழை வாசனை துளிகூட இல்லை. "ஏங்க, இது குக்கர்ல வெச்சதுங்க" என்றேன். அவர் இறைச்சியைக் கிளறிப் பார்த்துவிட்டு, "குக்கர்ல வெச்சிருந்தா வெந்திருக்குமே" என்றார்.

நாலாம் நாள் இத்ரோஎலெக்திரிகா என்ற நீர்மின் நிலையத்திலிருந்து ரயில் தண்டவாளத்தை ஒட்டிப் பத்து கிலோமீட்டர் நடந்து, மச்சு பிச்சுவுக்கு அடிவாரத்தில் இருக்கிற அகுவாஸ் காலியெந்தெஸ் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே எங்கள் டிக்கெட் கைக்கு வந்தபோது அடுத்த அடி. 2024 ஜூனிலிருந்து மச்சு பிச்சுவில் மூன்று சர்க்யூட், அதற்குள் பத்து வழிகள் என்று பிரித்துவிட்டார்கள். டிக்கெட்டில் எந்த வழி போட்டிருக்கிறதோ அதில் மட்டும்தான் போக முடியும், உள்ளே போய் மாற்ற முடியாது. இரண்டாம் சர்க்யூட்டில் மேலிருந்து அந்தப் பிரபலமான காட்சியும் உண்டு, ஊருக்குள் நடக்கவும் விடுவார்கள். எங்களுக்கு வந்தது முதல் சர்க்யூட். மேலே நின்று பார்க்கலாம், இடிபாடுகளுக்குள் கால் வைக்க முடியாது. அவ்வளவு தூரம் நடந்து போய், எதிர் வீட்டு மாடியில் நின்று கல்யாணம் பார்த்த கதைதான். அவர்கள் டிக்கெட்டை வாங்கிய தேதியைப் பார்த்தால், நாங்கள் பணம் கட்டி மூன்று நாள் கழித்து. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் இரண்டாம் சர்க்யூட் எல்லாம் வெகு முன்னாலேயே தீர்ந்துவிடும், இல்லாத சரக்கைத்தான் எங்களிடம் விற்றிருக்கிறார்கள். ரயில் டிக்கெட்டும் கிடையாது. அதே தண்டவாளத்தில் திரும்ப நடந்து, மதியம் வேனைப் பிடித்து, ஆறேழு மணி நேரம் மலைச்சுற்றாகத் திரும்ப வேண்டுமாம். என் முழங்கால் அதற்குள் வீங்கியிருந்தது, கையிலிருந்து ஆளுக்கு 74 டாலர் போட்டு ஓயந்தைதம்போ என்ற ஊர்வரை ரயிலில் வந்தோம்.

குஸ்கோ திரும்பியதும் நேரே கடைக்குப் போனோம். வேறொரு பெண் இருந்தாள், முதலாமவள் "லீவு". கத்திப் பிரயோசனம் இல்லை. ஐபெரு என்று அரசாங்கத்தின் சுற்றுலா உதவி மையம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டபோது ஒரு நல்ல விஷயம் தெரிந்தது: பெருவில் எந்தக் கடையாக இருந்தாலும் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், லிப்ரோ தெ ரெக்லமாசியோனெஸ் என்று பெயர், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், 15 வேலை நாளுக்குள் பதிலும் தர வேண்டும். கொடுக்கவில்லை என்றால் இந்தெகோபி என்ற நுகர்வோர் அமைப்புக்குப் போகலாம். திரும்பிப் போய் அந்தப் பெயரைச் சொன்னவுடன், "புத்தகம் ஓனரிடம் இருக்கிறது" என்ற பெண் மேசைக்கு அடியிலிருந்தே அதை எடுத்தாள். ஆல்பத்துப் பக்கங்களை முதல் நாளே போனில் படம் எடுத்து வைத்திருந்தார் என் வீட்டுக்காரர், பச்சமான்கா சமைக்கத் தெரிந்துகொள்ளலாம் என்று எடுத்தது, புகாருக்கு உதவியது. நகலைக் கிழித்து வாங்கிக்கொண்டோம்.

நீங்கள் போவதாக இருந்தால், ட்ரெக்கை நடத்தப்போகிற நிறுவனம் எது என்று முதலில் கேளுங்கள், இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மச்சு பிச்சு டிக்கெட் உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு உங்கள் பெயரில்தான் வரும், அதையும் ரயில் டிக்கெட்டையும் கையில் வாங்கி, சர்க்யூட் எண்ணைப் படித்துவிட்டுப் பாக்கியைக் கொடுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். கார்டுக்கு 5 சதவீதம் கூடப் போனாலும் போகட்டும். சாப்பாட்டுக்காக ட்ரெக் போகவே வேண்டாம் என்பது என் கட்சி. கடைசி இரண்டு நாள் குஸ்கோவில் சான் பெத்ரோ சந்தைக்குள் பெஞ்சில் உட்கார்ந்து, பருமனான மணிகள் இருக்கிற சோளமும் பாலாடைக்கட்டியும் சில சோலுக்கு (சோல் பெரு நாட்டுப் பணம்) சாப்பிட்டேன், 12 சோலுக்கு மெனு சாப்பாடு முழு வயிற்றுக்கு வந்தது. அவருக்குக் கினிப் பன்றியும் கிடைத்தது, தலையோடு. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

13வது வேலை நாளில் பதில் மெயில் வந்தது. ரயில் காசு 148 டாலரைத் தருகிறார்களாம், பிறகு தந்தும் விட்டார்கள். சர்க்யூட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பச்சமான்காவை மழையின் காரணமாகக் குழியில் செய்ய முடியாமல் போனதற்கு வருந்துகிறார்களாம். ஐந்து நாளில் ஒரு துளி விழவில்லை, நான் முகம் கறுத்துப்போய்த்தான் ஊர் திரும்பினேன்.