எரிகாயத்துக்கு நட்டஈடு எடுத்துத் தாறன் என்று வருபவரிடம் அசல் டயக்னோசிஸ் காட்டைக் கொடுக்காதீர்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் வேலையிடத்தில் யாராவது எரிகாயப்பட்டிருந்தால் இதை அந்த வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். "நட்டஈடு எடுத்துத் தாறன், நீங்கள் ஒண்டுக்கும் அலைய வேண்டாம்" என்று ஒருவர் ஆஸ்பத்திரி வாட்டுக்கே வருவார். எங்களிடம் வந்தவர் தம்பியின் கையெழுத்து, அசல் டயக்னோசிஸ் காட் (காயமும் சிகிச்சையும் எழுதி ஆஸ்பத்திரி தரும் அட்டை), 40,000 ரூபாய் மூன்றையும் கொண்டுபோய்விட்டார்.

தம்பி அரிசி ஆலை ஒன்றில் நெல் அவிக்கும் பகுதியில் நின்றவன். பொயிலரில் இருந்து நீராவி வரும் குழாயின் மூட்டு விட்டு, வலது கையும் தோளும் நெஞ்சின் ஒரு பக்கமும் அவிந்துவிட்டன. யாழ்ப்பாணத்தில் தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். உயிர் தப்பியது பெரிய விஷயம்தான். ஆனால் முழங்கை இன்னும் முழுதாக நீளவில்லை. மூட்டை தூக்கிப் பிழைத்தவனுக்கு அதன் அர்த்தம் என்னவென்று நான் எழுதத் தேவையில்லை.

அந்த ஆள் வருவதற்கு முன்பே ஒரு அநியாயம் நடந்திருந்தது. எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர் ஆலையின் மேற்பார்வையாளர். அனுமதிக்கும் இடத்தில் "வீட்டில சுடுதண்ணி ஊத்துப்பட்டது" என்று சொல்லியிருக்கிறார். அவன் நோவில் கத்திக்கொண்டு கிடந்தான், எழுதியவர் சொன்னதை எழுதினார். வைத்தியசாலைப் பதிவில் ஏறிய அந்த ஒரு வரிதான் எங்களுக்குப் பெரிய தலையிடியாகியது. எரிகாயக்காரரோடு யார் போனாலும் சரி, காயம் எங்கே, எப்படி நடந்தது என்று என்ன எழுதியிருக்கிறார்கள் எனக் கேளுங்கள். பிழையாக இருந்தால், காயப்பட்டவர் பேசக்கூடிய நிலைக்கு வந்ததும் வைத்தியரிடமும் வைத்தியசாலைப் பொலிஸிடமும் தன் வாயால் சொல்லிப் பதிய வேண்டும். சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்போதும் அதையே சொல்ல வேண்டும்.

சரி, அந்த ஆளுக்கு வருவோம். வெள்ளைச் சேட்டு, கக்கத்தில் பைல். ஒரு சட்டத்தரணியின் பெயரைச் சொல்லி, தான் அவருடைய கிளாக்கர் என்றார். கதைக்கும் விதம் நல்ல மரியாதை. "அக்கா, தம்பி பாவம். கொம்பனிக்காரர் விடமாட்டாங்கள், நாங்கள்தான் மடக்க வேணும்" என்றார். எங்கள் பக்கத்துச் சனத்துக்குப் பைலோடு வருபவரைச் சந்தேகிக்கத் தெரியாது. 2009இல் போர் முடிந்த பிறகு இடப்பெயர்வுப் பதிவு, வீட்டுத்திட்டம், காணாமல் போனோர், இழப்பீடு என்று எத்தனை படிவம் நிரப்பியிருப்போம்! கேட்டவுடன் அடையாள அட்டைப் பிரதியும் கையெழுத்தும் கொடுப்பது பழக்கமாகவே போய்விட்டது. இந்த ஆட்கள் அதை நன்றாக அறிந்தவர்கள்.

கோவை (பைல்) செலவு, முத்திரைச் செலவு, கொழும்புக்குப் போய்வரும் செலவு என்று 40,000 வாங்கினார். ரசீது இல்லை. பிறகு சிங்களத்தில் அடித்த கடதாசி ஒன்றில் தம்பியிடம் கையெழுத்து வாங்கினார். "இதென்ன" என்று அம்மா கேட்டதற்கு, "கோட்டுக்குப் போறதெல்லாம் சிங்களத்திலதான் அம்மா இருக்கும்" என்றிருக்கிறார். சுத்தப் பொய். அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் 1988இல் வந்தது முதல் வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ். கிளிநொச்சியில் போடும் வழக்குக்குச் சிங்களக் கடதாசி எதற்கு?

சில மாதம் கழித்து 60,000 ரூபாயைக் கொண்டுவந்து "முதல் தவணை" என்று கொடுத்தார். வழக்கு நடக்குது என்றார். வழக்கு இலக்கம் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகும். அப்புறம் போன் எடுப்பதில்லை. கடைசியில் ஆலைக் கணக்குப்பிள்ளைதான் வாய் தவறிச் சொன்னார்: "உங்கட ஆளிட்ட 150,000 குடுத்து முடிச்சாச்சே." அந்தச் சிங்களக் கடதாசியில் இருந்தது என்னவென்றால், இத்தொகையோடு சகல கோரிக்கையும் தீர்ந்தது, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்பது. பெயர் சொல்லப்பட்ட சட்டத்தரணியிடமே போனோம். தம்பியின் பெயரில் அவரிடம் எந்தக் கோவையும் இல்லை. அந்த ஆளை நீதிமன்ற வாசலில் கண்டிருக்கிறாராம், அவ்வளவுதான். சட்டத்தரணிகள் ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதே அவர்களுடைய ஒழுக்க விதிகளில் தடை. வாட்டுக்கு ஆள் அனுப்பும் சட்டத்தரணி என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே விளங்கிக்கொள்ளலாம்.

தம்பியைப் பயப்படுத்த அந்த ஆள் சொன்ன கதைகள்தான் எனக்கு இன்னும் கோபம். "வால்வை நீதான் திறந்தாய், பிழை உன்னில, வழக்கெண்டு போனா ஒரு சதமும் வராது" என்றாராம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில், முதலாளி கவனயீனமாக இருந்தார் என்று நிரூபிக்கவே தேவையில்லை. வேலையின்போது, வேலை காரணமாகக் காயம் வந்ததா என்பதுதான் கேள்வி. குடித்திருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது போன்ற விலக்குகள் உண்டு. கை தவறி வால்வு திறந்தது அதில் சேராது. போதாததற்கு, பொயிலரைக் காலத்துக்குக் காலம் அதிகாரம் பெற்றவர் சோதித்துச் சான்று தர வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் ஆலைக்காரர்தான் பயந்திருப்பார்கள்.

அடுத்தது, "உச்சமே ஐந்தரை லட்சம், அதையும் பத்து வருசம் இழுப்பாங்கள்" என்ற கதை. ஐந்தரை லட்சம் பழைய கணக்கு. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு உச்சவரம்பு 20 லட்சமாகிவிட்டது. எல்லாருக்கும் 20 லட்சம் கிடைக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். சம்பளத்தையும் இயலாமையின் அளவையும் வைத்துத்தான் தொகை வரும். அதனால்தான் அவசரப்பட்டு முடிப்பது எரிகாயக்காரருக்குக் கூடாது. தழும்பு முற்றி இறுகி ஓய ஒரு வருடம் செல்லும், சிலருக்கு அதற்கும் மேல். மூட்டு எவ்வளவு மடங்கும், இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டுமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கட்டு அவிழ்க்க முன்னம் பேசி முடிக்கும் தொகை யாருக்கு லாபம்?

இ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டாதபடியால் உரிமை இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். அதுவும் பொய். சம்பளக் கொப்பி, மேற்பார்வையாளர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, கூட வேலை செய்தவரின் சத்தியக் கடதாசி, எல்லாமே நீங்கள் அங்கே வேலை செய்ததற்குச் சாட்சிதான்.

சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனபோதுதான் மூச்சு வந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசம். அங்கிருந்த சட்டத்தரணி பிள்ளை கடதாசியை வாசித்துவிட்டு, வேலையாள் தன் நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் உடன்படிக்கை இந்தச் சட்டத்தின் முன் செல்லாது என்றார். வாங்கிய காசைக் கணக்கில் கழிப்பார்களா என்பது விசாரணையில் பேச வேண்டியது. கோரிக்கையை நட்டஈட்டு ஆணையாளருக்கு அனுப்பியிருக்கிறோம். அவருடைய அலுவலகம் கொழும்பில். மாவட்டத் தொழில் அலுவலகத்திலும் வழி கேட்கலாம். இதை விட்டு, கவனயீனம் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட நினைப்பவர்கள் திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று அதற்குச் சம்பவத்தில் இருந்து 2 வருடம்தான் தருகிறது. வழக்குப் போட்டாச்சு என்று ஒருவர் போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் காலம் ஓடிவிடும். உண்மையில் போட்ட வழக்குக்கு இலக்கம் இருக்கும், அதை நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் நீங்களே போய்ப் பார்க்கலாம்.

ஆஸ்பத்திரிப் பதிவறையில் இருந்து டயக்னோசிஸ் காட்டின் பிரதி எடுத்துவிட்டோம், இழுத்தடித்துத்தான் தந்தார்கள். சுடுதண்ணி என்ற வரியைப் பற்றித் தம்பியும், அன்றைக்கு அவனோடு நின்ற இரண்டு பேரும் சத்தியக் கடதாசி கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு பேரும் இன்னும் அதே ஆலையில் வேலை செய்கிறவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காசு ஏமாற்றியதற்குப் பொலிஸில் தனி முறைப்பாடு போட்டோம். ஒருமுறை விசாரணைக்குக் கூப்பிட்டபோது அந்த ஆள் வரவில்லை. அடுத்த திகதி தந்திருக்கிறார்கள். இதே மாதிரி ரசீது இல்லாமல் காசும், வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்தும் கொடுத்தவர்கள் இருந்தால் உங்கள் பொலிஸ் நிலையத்தில் நீங்களும் எழுதிக் கொடுங்கள். ஒரு முறைப்பாடு என்றால் "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கோ" என்று அனுப்பப் பார்க்கிறார்கள்.