மும்பைல "நோ கெமிக்கல்" ஹேர் ஜெல் வாங்குறவங்க கொஞ்சம் பார்த்து வாங்குங்க

செம்பூர், மாட்டுங்கா பக்கம் நம்ம தமிழ் லேடீஸ் வாட்ஸப் குரூப்கள்ல "ஹோம்மேட், நோ கெமிக்கல், நோ ப்ரிசர்வேட்டிவ்"னு ஒரு ஆலோவேரா கறிவேப்பிலை ஹேர் ஜெல் சுத்திட்டு இருக்கு, இப்போ மான்சூன் ஆஃபர்னு வேற போட்டிருக்காங்க, அதான் இதை எழுதறேன். பேர் போடல, போட்டா அட்மின் போஸ்ட்டையே தூக்கிடுவாங்க.

650 ரூபா, முன்னாடியே ஜிபே பண்ணணும். டப்பாவுல ஆறு மாசம் வரும்னு எழுதியிருந்துச்சு, ஃப்ரிட்ஜ்ல வைன்னு ஒரு வார்த்தை இல்ல. கொஞ்ச நாள்லயே திறந்தா புளிச்ச வாடை, ஓரமெல்லாம் கறுப்பு கறுப்பா புள்ளி. அதுக்குள்ள என் நாத்தனார் பொண்ணுக்கு மண்டையெல்லாம் சின்னச் சின்ன சீழ்க் கொப்புளம், ஸ்கின் டாக்டர் பார்த்துட்டு முடிக்கால்ல இன்ஃபெக்ஷன்னு மாத்திரை எழுதினார். ஜெல்லாலதான்னு அவர் அடிச்சுச் சொல்லல, ஆனா முதல்ல அதை நிறுத்துங்கன்னார்.

ஜெல் விக்கிற அந்தம்மாவுக்கு ஃபோட்டோ அனுப்பினா என்ன பதில் தெரியுமா? "நேச்சுரல்னா அப்படித்தான் சிஸ்டர், மேலாப்ல வழிச்சுப் போட்டுட்டு யூஸ் பண்ணுங்க." பூஞ்சை மேல தெரியுற இடத்தோட நிக்காதுங்க, இழை உள்ள வரைக்கும் இறங்கியிருக்கும், பாக்டீரியா கண்ணுக்கே தெரியாது. ப்ரிசர்வேட்டிவ் ஏன் போடலன்னு கேட்டா "விட்டமின் ஈ கேப்சூல் போட்டிருக்கேனே, அதுதான் ப்ரிசர்வேட்டிவ்"ங்கறாங்க! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

விட்டமின் ஈ எண்ணெய்ல சிக்கு வாடை வர்றதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்ளோதான், கிருமியை ஒண்ணும் பண்ணாது. ஆலோவேரா சதை கிட்டத்தட்ட முழுக்கவே தண்ணி, கூட கொஞ்சம் சர்க்கரைச் சத்து, கிருமி வளர வேற என்ன வேணும். தண்ணி சேர்ந்த எதையும் மாசக்கணக்குல வைக்கணும்னா ஃபீனாக்ஸிஎத்தனால் மாதிரி ஏதாவது ப்ரிசர்வேட்டிவ் 1 சதவீதத்துக்குள்ள போட்டே ஆகணும், இல்லாட்டி அப்பப்போ கொஞ்சமா பண்ணி ஃப்ரிட்ஜ்ல வச்சு சீக்கிரம் முடிச்சிடணும். சோடியம் பென்சோயேட்னு இன்னொரு ப்ரிசர்வேட்டிவ் போட்டாலும் பிஹெச் (புளிப்போட அளவு, எண் குறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி) 5-க்குக் கீழ இருந்தாதான் அது ஒழுங்கா வேலை செய்யும். "எலுமிச்சை பிழிஞ்சிருக்கேன்"னு அடுத்த பதில். உப்பு குறைஞ்சா எலுமிச்சை ஊறுகாயே பூத்துப்போகுதேம்மா!

பாட்டி காய்ச்சின கறிவேப்பிலை எண்ணெய் மட்டும் கெடலையேன்னு குரூப்ல ஒருத்தங்க கேட்டாங்க. நல்ல கேள்வி. சடசடப்பு அடங்குற வரைக்கும் காய்ச்சுவாங்கல்ல, இலைல இருக்கிற தண்ணி மொத்தமும் அப்பவே போயிடும். சீயக்காய்ப் பொடியும் நல்லா காய்ஞ்சு இருக்கிறதாலதான் தாங்குது, அதையே தண்ணில கலக்கி பாட்டில்ல அடைச்சு வச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, இப்படித் தயாரிச்சு விக்கிறதுக்கு 2020 காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ்படி லைசென்ஸ் வேணும், டப்பாவுல லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், தயாரிக்கிறவங்க அட்ரஸ் எல்லாம் இருக்கணும். இதுல இருந்தது தாமரைப் படமும் "வித் லவ்"வும்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ப்ளாக் பண்ணிட்டாங்க. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915-ல கம்ப்ளெயின்ட் கொடுத்தாச்சு, மகாராஷ்டிரா எஃப்டிஏவுக்கும் (உணவு, மருந்து, காஸ்மெட்டிக்ஸைக் கவனிக்கிற மாநில அரசுத் துறை) எழுதப்போறேன். நீங்களும் வாங்கியிருந்தா டப்பாவைத் தூக்கிப் போடாதீங்க, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், சாட் எல்லாம் எடுத்து வச்சுக்கங்க, குழந்தைங்க தலைல தடவிட்டு இருந்தா இன்னிக்கே நிறுத்துங்க.