சாம்பிள் ஒரிஜினல், சரக்கு டூப்ளிகேட்: 78,400 ரூபாய் போச்சு

இன்று மதியம்தான் பதினோராவது பேஷண்டுக்கும் பிராக்கெட்டை (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) எல்லாம் கழற்றிப் புதிதாக ஒட்டி முடித்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர்கள், முக்கியமாக இப்போதுதான் படிப்பை முடித்துக் கம்பி கட்டும் கேஸ் எடுக்கத் தொடங்கியிருப்பவர்கள், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நான் தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கும் ஆர்த்தோடான்டிஸ்ட், பல்லைச் சீராக்கக் கம்பி கட்டும் டாக்டர். ஒரே ஒரு சேர், உதவிக்கு ஒரு பெண், மாதம் ஐந்தாறு புது கேஸ். இந்த வேலையில் பணம் மொத்தமாக வராது. முதலில் கொஞ்சம், அப்புறம் மாதாமாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்று ஒன்றரை இரண்டு வருடம் இழுக்கும். ஆனால் பிராக்கெட்டும் கம்பியும் முதல் நாளே கைக்காசு போட்டு வாங்கியாக வேண்டும். அதனால் கிட்டுக்கு (ஒரு பேஷண்டுக்கான பிராக்கெட் செட்) ஆயிரம் ரூபாய் குறையும் என்று யாராவது சொன்னால் காது தானாக அந்தப் பக்கம் போய்விடும். அங்கேதான் என்னைப் பிடித்தார்கள்.

பெயர் சொல்லவில்லை. பல் மருத்துவச் சாமான்களை ஆன்லைனில் மட்டும் விற்கிற ஒரு கடை. டாக்டர்கள் இருக்கும் ஒரு குரூப்பில் தினமும் விலைப்பட்டியல் போடுவார்கள். நான் எப்போதும் வாங்கும் வெளிநாட்டு கம்பெனியின் எம்பிடி (பிராக்கெட்டில் ஒரு வகை) கிட் டீலரிடம் 2,900 ரூபாய், இவர்களிடம் 1,600. போன் போட்டேன். பேசியவர் நல்ல பொறுமையான குரல், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருந்தார். நான் தயங்குவது தெரிந்ததும் அவராகவே சொன்னார்: “நீங்க மொத்தமா வாங்கவே வேண்டாம் மேடம். ஒரு கிட் சும்மா அனுப்புறேன், ஒரு பேஷண்டுக்கு ஒட்டிப் பாருங்க. பிடிச்சிருந்தா அப்புறம் பேசலாம்.”

ஏமாற்றுகிறவன் இப்படிப் பேசுவானா என்று நினைத்தேன். சாம்பிள் நாலே நாளில் வந்தது. லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பிராக்கெட்டாகப் பார்த்தேன், நிஜமாகவே ஒரிஜினல். ஸ்லாட்டின், அதாவது கம்பி உட்காரும் பள்ளத்தின், ஓரம் கத்தியால் வெட்டியது போல் சுத்தமாக இருந்தது, அடியில் பசை பிடிக்கும் வலை சீராக இருந்தது. ஒரு பேஷண்டுக்கு ஒட்டினேன், இன்றுவரை அதில் ஒன்றுகூட விழவில்லை. அந்த நம்பிக்கையில் 40 கிட் ஆர்டர் போட்டேன், 64,000. கூடவே நிக்கல் டைட்டானியம் கம்பி 48 பாக்கெட், 14,400. மொத்தம் 78,400 ரூபாய், முழுவதும் முன்பணம், பேங்க் டிரான்ஸ்பர். ஜிஎஸ்டி பில் பார்சலுக்குள் இருக்கும் என்றார். பிரித்துப் பார்த்தால் ‘எஸ்டிமேட்’ என்று ஒரு துண்டுச் சீட்டு. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அட்டை, பிளாஸ்டிக் தட்டு, ஸ்டிக்கர் எல்லாம் சாம்பிள் மாதிரியே இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஒட்டத் தொடங்கி மூன்றாவது வாரத்திலிருந்து பிராக்கெட் விழ ஆரம்பித்தது. சாதாரணமாக மாதத்துக்கு ஒன்றிரண்டு விழும், கடலை மிட்டாய் கடித்தார்கள், கரும்பு கடித்தார்கள் என்று. இப்போது வாரத்துக்கு நாலு. பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளை, கீழ்வரிசைக் கடவாய்ப் பல்லில் ஒரே பிராக்கெட் மூன்று தடவை கழன்று, டிஷ்யூவில் மடித்து எடுத்து வந்தாள். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். அரைநாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வர வேண்டும். வரும்போதெல்லாம் “முறுக்கு தின்னியாடி, உண்மையைச் சொல்லு” என்று என் முன்னாலேயே திட்டுவார். நானும் அந்தப் பிள்ளையைத்தான் திட்டினேன். அவள் ஒவ்வொரு தடவையும் “இல்ல மேம், சாதம்தான் சாப்பிட்டேன்” என்றாள். அவள் சொன்னது உண்மை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாவது தடவை பல்லை லூப்பில் உற்றுப் பார்த்தேன். பசை முழுவதும் பல்லிலேயே நிற்கிறது. அதன் மேல் வலையின் அச்சு லேசாகப் பதிந்திருக்கிறது. கையிலிருந்த பிராக்கெட்டின் அடி மொழுமொழுவென்று துடைத்து வைத்தது போல் இருந்தது. உடனே புதுக் கிட் நாலைப் பிரித்து மேஜையில் சாம்பிள் கிட்டின் போட்டோவோடு வைத்துப் பார்த்தேன். ஸ்லாட் ஓரத்தில் பிசிர். பிராக்கெட்டின் மேல் இருக்கும் அடையாள வண்ணப் புள்ளி ஸ்பிரிட் பஞ்சில் தேய்த்ததும் போய்விட்டது. 19-25 அளவு ஸ்டீல் கம்பியை ஸ்லாட்டில் வைத்துத் திருப்பினால் தொளதொளவென்று சுற்றுகிறது.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விஷயம். எட்வர்ட் ஆங்கிள் 1928இல் எட்ஜ்வைஸ் என்ற கம்பி கட்டும் முறையைக் கொண்டுவந்ததிலிருந்தே இந்த வேலையின் உயிர், செவ்வகக் கம்பியும் செவ்வக ஸ்லாட்டும் பொருந்துவதில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் பல்லின் சாய்வுக்கெல்லாம் கம்பியை வளைத்தார்கள். ஆண்ட்ரூஸ் என்ற டாக்டருக்குப் பிறகு அந்தச் சாய்வு பிராக்கெட்டுக்குள்ளேயே வைத்து வருகிறது. எம்பிடியில் மேல் நடுப்பல்லுக்கு 17 டிகிரி டார்க் (பல்லின் முன்பின் சாய்வு). ஸ்லாட் அகலம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 22 பங்கு. ஒரிஜினலிலேயே 19-25 கம்பிக்கு சுமார் பத்து டிகிரி ஆட்டம் உண்டு. ஸ்லாட் இன்னும் பெரிதாக இருந்தால் அந்த 17 டிகிரி பல்லுக்குப் போய்ச் சேரவே சேராது. நாலு பல் எடுத்து இடைவெளியை மூடும் கேஸில் முன்பற்கள் உள்ளே சாய்ந்து விழும். ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும், அப்போது ஊரெல்லாம் என் பெயர் கெடும். நல்லவேளை, என் கேஸ் எதுவும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை.

போன் செய்தேன். அன்று பொறுமையாகப் பேசிய அதே ஆள், “உங்க பாண்டிங் டெக்னிக்கைப் பாருங்க மேடம், ஈரம் பட்டிருக்கும்” என்றார். பன்னிரண்டு வருடமாக ஒட்டுகிறேன். ஆசிட் வைத்து, கழுவி, பல் சுண்ணாம்பு வெள்ளையாகக் காயும் வரை பார்த்துத்தான் ஒட்டுகிறேன். ஈரம் பட்டிருந்தால் பசை பல்லில் பிடிக்காமல் பிராக்கெட்டோடு வந்திருக்கும், இங்கே பசை பல்லில் நிற்கிறது என்று போட்டோ அனுப்பினேன். “லாட் நம்பர் அனுப்புங்க, டெக்னிகல் டீம் கூப்பிடுவாங்க.” அனுப்பினேன், யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வாரம், “பிரிச்ச கிட்டை ரிட்டர்ன் எடுக்க முடியாது மேடம்.” பிரிக்காத கிட் இருக்கிறதே என்றேன். “அது கிளியரன்ஸ் சேல், பாலிசி இல்ல.” குரூப்பில் கேள்வி கேட்டேன், பத்து நிமிடத்தில் என்னைத் தூக்கிவிட்டார்கள். இப்போது என் மெசேஜுக்கு ஒற்றை டிக்தான். 78,400 ரூபாய், பதில் ஒரு டிக்.

இது போக, அந்தப் பதினோரு பேருக்கும் டீலரிடம் ஒரிஜினல் வாங்கிப் போட்டதில் 31,900 என் கையிலிருந்து. அவர்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. அந்தப் பிள்ளையிடமும் அவள் அம்மாவிடமும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “சரி டாக்டரம்மா, இனிமே விழாதுல்ல?” என்று மட்டும் கேட்டார்.

சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். நீங்களே அனுப்பிய பணம்தானே என்கிறது பேங்க். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லியிருக்கிறேன். தொழிலுக்கு வாங்கியது நுகர்வோர் வழக்கில் வராது என்று சிலர் பயமுறுத்தினார்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியது வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது, விட மாட்டேன்.

எப்படிச் சோதித்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது தெம்பில்லை. சாம்பிளை வைத்துச் சரக்கை நம்பாதீர்கள். வந்த பெட்டியில் ஏதோ ஒரு கிட்டைப் பிரித்துக் கம்பியை ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள், அதன் பிறகே பேஷண்ட் வாய்க்குள் போக வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் லேபிளில் இறக்குமதியாளர் முகவரியும் லைசென்ஸ் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். ஜிஎஸ்டி பில் கைக்கு வராமல் முழுப் பணம் அனுப்பாதீர்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. பிராக்கெட் அடிக்கடி விழுந்தால் பேஷண்டைத் திட்டும் முன் பசை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

25 கிட் பிரிக்காமல் என்னிடம் அப்படியே இருக்கிறது. யாராவது இதே எம்பிடி கிட் பாதி விலை என்று காட்டினால் பணம் அனுப்பும் முன் எனக்கு எழுதுங்கள், லேபிள், லாட் நம்பர், ஸ்லாட் எல்லாவற்றையும் பக்கத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.