இ-எஸ்சிஆர்: கருத்துரிமைத் தீர்ப்புகளை மூலத்திலேயே வாசிக்க ஒரு கட்டணமில்லாச் சேவை

பேச்சுரிமை இருப்பதால் எதையும் பேசலாம் என்று ஒரு தரப்பும், எவர் மனமாவது புண்பட்டால் அந்தப் பேச்சைத் தடுத்துவிடலாம் என்று மறுதரப்பும் வாதிடுகின்றன. உச்ச நீதிமன்றம் இரண்டையுமே ஏற்கவில்லை என்பதை எவரும் தாமே வாசித்து அறிய வழிசெய்கிறது, 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்சிஆர் (உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளின் மின்னணு வடிவம்) சேவை. 1950 முதலான அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுதிகள் இதில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சட்டம் படிக்காத ஒரு வாசகருக்கு இது எந்த அளவு உதவும் என்ற ஒரு கோணத்தில் மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன்.

ரொமேஷ் தாப்பர் வழக்கில் தொடங்குவது நல்லது. ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழுக்குச் சென்னை மாநில அரசு விதித்த தடை செல்லாது என்று 1950இல் வந்த அந்தத் தீர்ப்பு, மறு ஆண்டின் முதல் அரசமைப்புத் திருத்தத்துக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாயிற்று. பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவை, பேச்சுரிமையை எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று பட்டியலிடும் அரசமைப்பின் 19(2) பிரிவில் சேர்ந்ததும், கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இடம்பெற்றதும் அப்போதுதான். அந்தப் பிரிவின் பட்டியலில் அவதூறும் நீதிமன்ற அவமதிப்பும் உண்டு. மனம் புண்படுதல் என்ற ஒன்று இல்லை. மத உணர்வை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைத் தண்டிக்கும் சட்டத்தைக்கூட, 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில், பொது ஒழுங்கின் பேரில்தான் நீதிமன்றம் நிலைநிறுத்தியது.

தமிழ் வாசகர்கள் தவறவிடக் கூடாதது 1989இன் எஸ். ரங்கராஜன் வழக்கு. இடஒதுக்கீட்டைப் பற்றிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. படம் வெளியானால் வன்முறை மூளும் என்று வாதிடப்பட்டது. மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்குவது சட்டத்தின் ஆட்சியையே கைவிடுவதாகும் என்றும், அந்த உரிமையைக் காப்பது அரசின் கடமை என்றும் கூறிய உச்ச நீதிமன்றம், சான்றிதழை மீட்டுக்கொடுத்தது. ஒவ்வொரு தடைக் கோரிக்கையின்போதும் இந்தப் பக்கங்களை எடுத்து வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எதையும் பேசலாம் என்போருக்கும் இங்கே பதில் இருக்கிறது. இணையம் முதலியவற்றின் வழியே புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நீக்கிய அதே நீதிமன்றம், விவாதமும் கருத்துப் பரப்பலும் எவ்வளவு பிடிக்காதவையாயினும் காக்கப்படும், தூண்டுதலாக மாறும்போதுதான் கட்டுப்பாடு வரும் என்று எல்லை வகுத்தது. அவதூறைக் குற்றமாக்கும் சட்டம் செல்லும் என்று மறு ஆண்டே தீர்ப்பளித்தது.

பேச்சுரிமை அரசுக்கு எதிராக மட்டுமே செல்லும் என்ற வாதம் அமெரிக்கச் சட்டத்திலிருந்து இங்கே அப்படியே எடுத்தாளப்படுகிறது. 2023இன் கௌஷல் கிஷோர் தீர்ப்பை வாசித்தால் அது இங்கே அவ்வளவு எளிதன்று என்பது புரியும். 19 (பேச்சு முதலிய சுதந்திரங்கள்), 21 (உயிர், தனிமனிதச் சுதந்திரம்) ஆகிய பிரிவுகளின் உரிமைகளை அரசல்லாதவர் மீதும் வலியுறுத்தலாம் என்று நான்கு நீதிபதிகள் கூற, நீதிபதி நாகரத்னா மாறுபட்டார். 19(2) பட்டியலுக்கு வெளியே புதிய கட்டுப்பாட்டைச் சேர்க்க முடியாது என்பதும் இத்தீர்ப்பில்தான் அழுத்தமாகச் சொல்லப்பட்டது.

சேவையின் பெருங்குறை மொழி. தமிழாக்கம் தீர்ப்புகளில் ஒரு பகுதிக்கே உண்டு. அதிலும் ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது என்ற குறிப்பு இருக்கும். பேச்சுரிமை என்ற பொதுச்சொல்லைக் கொண்டு தேடினால் முடிவுகள் குவிந்துவிடும் என்பதால், வழக்கின் பெயரையோ ஆண்டையோ கொண்டு தேடுவதே சிறந்தது. நீண்ட தீர்ப்புகளில் தொடக்கத்திலுள்ள சுருக்கக் குறிப்பை வாசித்துவிட்டு, ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்கள் ரங்கராஜன் தீர்ப்பை முழுமையாகவே வாசிக்கலாம்.