அத்தான் குடியைக் கைவிட ஊரில் கிடைத்த உதவிகள்

இந்த முறை டொரோண்டோவிலிருந்து ஊருக்குப் போனது அத்தானுக்காகத்தான். அக்காவின் கணவர், மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்கிறவர். சாராயத்தில் தொடங்கி, கையில் காசு குறையக் கசிப்புக்கு, அதாவது கள்ளச் சாராயத்துக்கு, இறங்கியவர்.

நான் போவதற்கு முன்னரே உறவினர்கள் கூடி ஒரு முடிவெடுத்திருந்தார்கள்: அறையில் பூட்டி வைத்து, ஒரு சொட்டும் கொடுக்காமல் நிறுத்துவது. இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. பேய் பிடித்துவிட்டது என்று அயலவர்கள் சொல்ல, அக்காவின் மகள்தான் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தாள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வந்து ஏற்றிப் போனது. மண்முனையில் 2014இல் பாலம் வராதிருந்தால் ஆற்றைக் கடக்கவே பாதைப் படகைப் பார்த்து நின்றிருக்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெடுங்காலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணித்தியாலங்களில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். அந்த நிலை உயிரையே எடுக்கக்கூடியது. வைராக்கியத்தால் மட்டும் தாண்டக்கூடிய விஷயம் இல்லை இது. போதனா வைத்தியசாலையில் நடுக்கம் அடங்க மருந்து கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். கூடவே தயமின் ஊசி. அது வைட்டமின் பி1. குடியால் அது உடம்பில் குறைந்தால் மூளை பாதிக்கப்படும் என்று தாதி ஒருவர் அக்காவுக்கு விளக்கினார். சனம் நிறைய, காத்திருப்பும் நீளம். ஆனால் எல்லாம் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அதற்கு முன்னர் ஒருவர், சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி ஒரு தூளை அக்காவுக்கு விற்றிருக்கிறார். குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரச் செய்கிற மருந்துகள் உண்டுதான். குடிப்பவருக்கே தெரியாமல் அவற்றைக் கொடுப்பது ஆபத்து. அந்த வியாபாரத்தை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

சரி, உடம்பு தெளிந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய வேலை. குடியை விட்ட சிலர் பின்னேரங்களில் வாசிகசாலையில் கூடுகிறார்கள். தலைவர் இல்லை, சந்தா இல்லை. ஒருவர் தன் கதையைச் சொல்ல மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கிறார்கள். 1935இல் அமெரிக்காவின் அக்ரோன் நகரில் பில் வில்சனும் டொக்டர் பொப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பிலும் இதுதான் அடிப்படை: சேர்வதற்கு வேண்டியது குடியை விட வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே. வாசிகசாலைக்கு வருகிற மேசன் அண்ணன் ஒருவர் முதல் நாளே அத்தானிடம், “குடிக்கோணும் போல இருந்தா எனக்கு ஒரு கோல் எடு தம்பி, எந்த நேரமெண்டாலும் பரவாயில்ல” என்றார். டொக்டரின் புத்திமதியைவிட அது அத்தானைப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் ஒரு செத்த வீட்டில் அத்தான் மறுபடி குடித்தார். அக்கா உடைந்து போனா. மேசன் அண்ணன் விடியவே வந்தார், ஒரு சொல்லும் ஏசவில்லை, கிளினிக்குக் கூட்டிப் போனார். அக்காவுக்கும் ஆள் வேண்டியிருந்தது. பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் போய் இருந்து பேசிவிட்டு வந்த பிறகுதான் அவவுக்கு நித்திரை வந்தது. தூரத்தில் இருப்பவர்கள் மனநல உதவிக்கு 1926ஐயும், போதைப்பொருள் தொடர்பான ஆலோசனைக்கு 1927ஐயும் அழைக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து போகிற எங்கள் ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போகும்போது விமான நிலையத்தில் போத்தல் வாங்காதீர்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து ஒருவர் கிளினிக்குக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். பலர் இடையில் மருந்தை விடுவது அதனால்தான். அந்தக் கூலியையும் ஓட்டோக் காசையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.