பயிற்சி முடிந்த பிறகு யாழ்ப்பாணச் சாப்பாடு: நெடுநாள் பாவனையில் எது சரிவரும்

பயிற்சி முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் புரதம் உள்ளே போகாவிட்டால் தூக்கிய பாரம் எல்லாம் வீண் என்ற பேச்சு யாழ்ப்பாணத்து ஜிம்களிலும் நன்றாக ஊறிவிட்டது. பெரும்பாலானவர்களுக்கு அந்த அவசரம் தேவையில்லை. பாரம் தூக்கிய பிறகு தசை புதிதாகப் புரதம் கட்டும் வேகம் ஒரு நாள் அளவுக்குக் கூடியே இருக்கும். ஷோன்ஃபெல்ட், அரகன், கிரீகர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2013 இல் கணக்குப் பார்த்தார்கள். நாள் முழுக்கச் சாப்பிட்ட மொத்தப் புரதத்தைச் சேர்த்துப் பார்த்ததும் நேரத்தின் பங்கு கரைந்துபோனது. ஒரு மணிக்கு மீன்குழம்போடு சோறு, ஐந்து மணிக்கு ஜிம், எட்டு மணிக்கு இரவுச் சாப்பாடு என்று இருப்பவர் மணிக்கூட்டைப் பார்க்கவே வேண்டாம்.

பார்க்கவேண்டியவர்கள் இரண்டு வகை. விடிய வெறுவயிற்றோடு பயிற்சி செய்கிறவர் முதல்வகை. முதல்நாள் இரவு சாப்பிட்டுப் பத்துப் பதினொரு மணித்தியாலம் ஆகியிருக்கும். பால் விடாத தேத்தண்ணியோடு வேலைக்குப் போனால் அது மத்தியானம் வரை நீளும். இவர்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் சாப்பிடுவது நல்லது. காலையும் பின்னேரமும் மைதானத்தில் நிற்கும் உதைபந்தாட்ட, கரப்பந்தாட்டக்காரர் இரண்டாவது வகை. அவர்களுக்கு முதலில் வேண்டியது காபோவைதரேற்று: உடல் எடையின் ஒரு கிலோவுக்கு மணித்தியாலம் ஒன்றுக்கு 1 முதல் 1.2 கிராம், முதல் நான்கு மணித்தியாலத்துக்கு. 65 கிலோக்காரருக்கு மணிக்கு 65 முதல் 78 கிராம் வரை. கிட்டத்தட்ட 100 கிராம் அரிசிமாவில் அவித்த இடியப்பம் அந்த அளவைத் தரும். இந்த இடத்தில் புட்டு அவ்வளவு சரிவராது. தேங்காய்ப்பூ கூடக்கூட வயிறு காலியாகப் பிந்தும், பின்னேரம் ஓடும்போது பாரமாகத் தெரியும். இடியப்பம், பாண், வாழைப்பழம் போதும். மறுநாள்தான் அடுத்த பயிற்சி என்றால் புட்டைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

எங்கள் ஊர்ச் சாப்பாட்டின் பலவீனம் நேரத்தில் இல்லை, கோப்பையில். தசை வளர்க்க நாளுக்கு ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் காணும். 65 கிலோவுக்கு 104 கிராம். நான்கு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 26 கிராம். இடியப்பமும் சொதியும் சம்பலும் சேர்ந்த இரவுச் சாப்பாட்டில் 100 கிராம் மாவுக்கு 7 கிராம் வரும், தேங்காய்ப்பாலில் ஓரிரு கிராம். பத்தைத் தாண்டாது. 'சொதியில மீன் கிடந்தது' என்று சொல்லிப் பலர் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். கிடந்தது ஒரு துண்டு.

அந்தக் குறையை நிரப்ப மீனைவிட நல்லது வேறில்லை. 120 கிராம் சதையில் 24 கிராம் புரதம். ஆனால் சந்தையில் நிறுத்து வாங்குவது முழு மீன். தலை, குடல், முள் போக அரைவாசிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். ஆகவே ஆளுக்கு 220 கிராம் என்று வாங்கவேண்டும். பொரித்த மீனைத் தினமும் வைத்துக்கொண்டால் எண்ணெய்க் கணக்கு ஏறும். குழம்பு, அவியல், தீயல் மேல். மீன் கிடைக்காத நாளுக்கு ரின்மீன், அல்லது மூன்று முட்டையும் ஒரு கிளாஸ் பாலும். முட்டை மூன்றில் 18, பால் 200 மில்லிலீற்றரில் ஆறேழு.

மச்சம் தொடாத நாட்களில்தான் கணக்குப் பிசகும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் மரக்கறி என்று இருப்பவர்கள் அந்த மாதம் உடல் தளர்ந்ததாகச் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் விரதமில்லை, மீனின் இடத்தில் கத்தரிக்காயும் கிழங்கும் வந்தது. சோயா மீற் உலர்ந்த நிலையில் 50 கிராம் எடுத்தால் 25 கிராம் புரதம். கொதிநீரில் ஊறவைத்து, பிழிந்து, இன்னொரு தண்ணீரிலும் கழுவிப் பிழியாவிட்டால் அந்த வாசம் போகாது. கடலை 50 கிராமில் 10 கிராம்தான். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு தண்ணீரில் அவித்தால் வாயு குறையும். பருப்பு வகைகளில் தசைக் கட்டுமானத்தைத் தூண்டும் லூசின் என்ற அமினோ அமிலம், மீன், முட்டையில் இருப்பதைவிடக் குறைவு. அதனால் வேளைக்குப் புரதம் 30 கிராமுக்கு மேல் போவதும், சோறோ புட்டோ கூடச் சேர்ப்பதும் நல்லது.

உழுத்தம்மாக் களியை ஏனோ பெரியபிள்ளையானவர்களுக்கும் பிள்ளைப்பெற்றவர்களுக்கும் மட்டும் என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். விடியப் பயிற்சி செய்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான காலைச் சாப்பாடு குறைவு. வறுத்த உழுத்தம்மா 40 கிராமில் 10 கிராம் புரதம்; தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசுப்பால் 200 மில்லிலீற்றர் விட்டால் இன்னும் ஆறேழு; ஒரு முட்டையை அவித்துப் பக்கத்தில் வைத்தால் 22 கிராமைத் தாண்டும். இனிப்புக்குப் பனங்கட்டி, அது காபோவைதரேற்றுக் கணக்கிலும் சேரும். மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்த பிறகே அடுப்பில் வைக்கவேண்டும். கொதிக்கும் பாலில் கொட்டினால் கட்டிபடும். உழுந்து வறுபட்டது காணாவிட்டால் பச்சை மணம் நிற்கும். நல்லெண்ணெயைக் கைக்கணக்கில் ஊற்றுவதுதான் ஆபத்து: ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. ஒரு தேக்கரண்டி போதும்.

ஒடியல் கூழ் ருசிக்கு நிகரில்லை. நண்டும் இறாலும் மீனும் போட்டால் புரதமும் உப்பும் சேரும். ஆனால் அந்த உறைப்பையும் புளியையும் ஓடிக் களைத்த வயிற்றுக்கு உடனே கொடுக்கவேண்டாம். ஓய்வு நாளில் குடிக்கலாம்.

வெயில் காலத்தில் சாப்பாட்டுக்கு முன் தண்ணீரைப் பார்க்கவேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லீற்றர் வரை, சில மணித்தியாலத்தில் பிரித்துக் குடிக்கவேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் போகும் உப்புக்கு அது ஈடாகாது. ஒரு சிட்டிகை உப்புப் போடலாம், அல்லது உப்புப் போட்ட மோர் குடிக்கலாம். ஆட்டம் முடிந்து கள்ளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: புரதம் சாப்பிட்டிருந்தாலும் நிறைய மது தசை கட்டும் வேகத்தை 24 வீதம் குறைத்ததாக 2014 இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

தேத்தண்ணி விரும்பிகள் கடலை, பருப்புச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். சாயம் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். புரோட்டீன் பவுடர் கெட்டதில்லை, ஒரு கரண்டியில் 20 கிராமுக்கு மேல் வரும், பயணத்துக்கு வசதி. மீனும் முட்டையும் கைக்கெட்டும் வீட்டில் அதற்குக் கொடுக்கும் காசு எனக்குக் கூடுதலாகத்தான் படுகிறது. வாங்குவதானால் டப்பாவின் மொத்த நிறையை விட்டு, 100 கிராமில் எத்தனை கிராம் புரதம் என்று பார்த்து விலையைப் பிரியுங்கள். 'மாஸ் கெய்னர்' என்று விற்கப்படுவதில் பாதிக்கு மேல் மாச்சத்தும் சீனியும்தான்.