மாதம் 1,200 ரூபாய் ஜிம்மும் வீட்டு இரும்பும்: எது கட்டுப்படியாகும்?

ஜிம்முக்குப் பணம் கட்டிப் போவதா, ராடும் பிளேட்டும் வாங்கி வீட்டிலேயே பழகுவதா? முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். கோவையில் நான் போய்க்கொண்டிருந்த ஏரியா ஜிம்முக்கு மாதம் 1,200 ரூபாய், சேரும்போது அட்மிஷன் என்று தனியாக 500. மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 3,200. ஏசி கிடையாது, பெரிய ஃபேன்கள் உண்டு, டிரெட்மில் இரண்டு, மற்றபடி ராடும் பிளேட்டும் டம்பெல்லும் தாராளமாகக் கிடக்கும். ஏசி போட்ட பெரிய ஜிம்களில் விசாரித்தால் வருஷத்துக்கு 15,000-இல் தொடங்கி 25,000 வரைக்கும் சொல்கிறார்கள், பர்சனல் டிரெயினர் வேண்டுமென்றால் அது மாதாமாதம் தனிக் கணக்கு.

இதில் ஜிஎஸ்டி விஷயம் ஒன்று இருக்கிறது. முன்பு ஜிம் கட்டணத்துக்கு 18 சதவீதம் வரி, 2025 செப்டம்பர் 22-இலிருந்து அது 5 சதவீதம். 15,000 ரூபாய் சந்தாவுக்கு முன்பு 2,700 ரூபாய் வரி கட்டிய இடத்தில் இப்போது 750 கட்டினால் போதும். ஆனால் 5 சதவீதத்துக்கு வந்தபோது, ஜிம்காரர்கள் மெஷின் வாங்கும்போதும் வாடகைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி போய்விட்டது, அதனால் அடிப்படைக் கட்டணத்தை ஏற்றிய இடமும் இருக்கும். பில்லை வாங்கிப் பாருங்கள். பில் கொடுக்காமல் "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று சொல்லும் இடத்தில் வருஷக் கட்டணம் கட்டவே கட்டாதீர்கள்.

சரி, 1,200 ரூபாய் என்பது நிஜத்தில் எவ்வளவு? ஜிம் வீட்டிலிருந்து 5 கிலோமீட்டர் என்று வையுங்கள். போக வர 10, மாதத்தில் 24 நாள் போனால் 240 கிலோமீட்டர், பைக் லிட்டருக்கு 48 கொடுத்தால் 5 லிட்டர் பெட்ரோல், அதாவது இன்னொரு 500 ரூபாய். ஆக மாதம் 1,700. வருஷத்துக்கு 20,400. பெட்ரோலை யாரும் ஜிம் செலவில் சேர்ப்பதில்லை, ஆனால் பர்ஸிலிருந்து போவது என்னவோ அதே பணம்தான். நடந்து போகும் தூரத்தில் ஜிம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களுக்கு நான் கீழே எழுதியிருப்பதில் பாதி பொருந்தாது.

இப்போது ஜிம்மின் பக்கம் பேச வேண்டும், பேசியே ஆக வேண்டும். அந்த 1,200-இல் உண்மையில் மதிப்புள்ளது எது என்று கேட்டால் மாஸ்டர் என்றுதான் சொல்வேன். மெஷின் இல்லை, கண்ணாடி இல்லை, பாட்டும் இல்லை. எங்கள் மாஸ்டர் ஐம்பது வயதைத் தாண்டியவர், சத்தம் போட மாட்டார், தரையிலிருந்து ராடைத் தூக்கும்போது பக்கத்தில் வந்து நின்று "தம்பி, ராடு காலை ஒட்டியே வரணும், முதுகு வளையக் கூடாது" என்று முழங்காலுக்கு மேல் கையை வைத்துக் காட்டுவார். ஸ்குவாட்டில், அதாவது ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்போது, குதிகால் எழும்புவதை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று நானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டேன், அவர் ஒரே பார்வையில் பிடித்தார், எடையைப் பாதியாகக் குறைத்து மறுபடி முதலிலிருந்து பழக்கினார். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். வீடியோ நம்மைப் பார்ப்பதில்லையே, நாம் தப்பாகக் குனிந்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முதுகும் முழங்காலும் போனால் ஆகும் செலவுக்கு முன்னால் மூன்று மாத ஜிம் கட்டணம் ஒன்றுமே இல்லை.

ஆனால் எல்லா ஜிம்மிலும் இப்படி ஒரு மாஸ்டர் இல்லை. சில இடங்களில் மாஸ்டர் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார், புதிதாக வந்தவருக்கு முதல் நாளே பைசெப்ஸ் சொல்லிக்கொடுத்துவிட்டு இரண்டாம் நாள் புரோட்டீன் பவுடர் டப்பாவை எடுத்துக் காட்டுவார். சேருவதற்கு முன்னால் மாலை ஆறரை மணிக்குப் போய் ஒரு அரை மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். அதுதான் கூட்ட நேரம். பெஞ்சுக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், தப்பாகத் தூக்குபவரை யாராவது போய்த் திருத்துகிறார்களா, இந்த இரண்டையும் பார்த்தாலே அந்த இடத்தின் தரம் தெரிந்துவிடும். எங்கள் ஜிம்மில் திருத்தம் பிரமாதம், கூட்டம் மோசம். திங்கட்கிழமை மாலையில் பெஞ்ச் கிடைப்பது குதிரைக்கொம்பு.

வீட்டு இரும்புக்கு வருவோம். ஆன்லைனில் 20 கிலோ செட் 2,000 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறதே, அது பெரும்பாலும் பிவிசி பிளேட், உள்ளே சிமென்ட் கலவை. ஆரம்பத்துக்குப் பரவாயில்லை, ஆனால் பருமன் அதிகம், ராடில் நாலைந்து பிளேட் ஏற்றியதும் இடம் தீர்ந்துவிடும், கீழே நழுவினால் ஓரம் விரிசல் விட்டுச் சிமென்ட் உதிரும். நான் வார்ப்பிரும்பு பிளேட்டாகவே வாங்கினேன். வார்ப்பட ஊரான கோவையில் இருந்துகொண்டு சிமென்டைத் தூக்குவானேன்! கிலோ 160 என்று எடை போட்டுக் கொடுத்தார்கள், 40 கிலோ 6,400 ரூபாய். ஐந்தடி ராடும் இரண்டு டம்பெல் ராடும் 1,800. பெஞ்ச் 4,500, மேட் 600, கதவு நிலையில் மாட்டும் புல்-அப் பார் 900. மொத்தம் 14,200. ஏரியா ஜிம்மின் ஒரு வருஷக் கட்டணம் 14,400. பெட்ரோலையும் சேர்த்தால் ஒன்பது மாதத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடுகிறது, அதற்கப்புறம் செலவே இல்லை, இரும்பும் தேயப் போவதில்லை. என்றைக்காவது வேண்டாமென்றால் விற்றாலும் விலை போகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ராடின் தடிமன். வீட்டு செட்டில் வருவது சாதாரணமாக 28 மில்லிமீட்டர் ராடு, பெரிய ஜிம்களில் இருக்கும் ஒலிம்பிக் ராடின் முனை 50 மில்லிமீட்டர், அந்த ராடு மட்டுமே 20 கிலோ. ஒன்றின் பிளேட் இன்னொன்றில் பொருந்தாது, எனவே தொடக்கத்திலேயே ஒரு அளவை முடிவுசெய்து அதிலேயே நில்லுங்கள். பிளேட்டில் 5 கிலோ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் நாலரையும் மறு பக்கம் ஐந்தும் இருந்தால் தோள்பட்டைதான் வாங்கும். அப்புறம் 1.25 கிலோ பிளேட் நாலு கட்டாயம் கேட்டு வாங்குங்கள், பல செட்டில் அது வருவதில்லை. எடையைச் சிறிதுசிறிதாக ஏற்றினால்தான் உடம்பு பலம் பிடிக்கும், அதற்கு அந்தச் சின்ன பிளேட்தான் ஆதாரம்.

ஸ்குவாட்டுக்கு ராடைத் தாங்கும் ஸ்டாண்டுக்குக் கடையில் கேட்ட விலைக்கு மனசு வரவில்லை. கோவையில் கணபதி ஏரியா பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் இரண்டு அங்குல சதுரக் குழாய் கொடுத்து, என் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே கொக்கி வருமாறு செய்துவாங்கினேன், பெயின்ட் உட்பட 3,500 ஆனது. மேலே சொன்ன 14,200-இல் இது சேரவில்லை, சேர்த்தால் போட்ட பணம் திரும்பப் பதினொரு மாதம் ஆகும். இரண்டு வருஷம் இருக்கும், இன்னும் அசையவில்லை. அடிப்பட்டை அகலமாக இருக்க வேண்டும், அதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வீட்டில் முடியாதது என்ன? தனியாக பெஞ்சில் படுத்து ராடை நெஞ்சுக்கு மேல் தள்ளுவது ஆபத்து, எழுப்ப முடியாமல் நெஞ்சில் மாட்டிக்கொண்டால் தூக்கிவிட ஆள் இல்லை. டம்பெல்லில் செய்யுங்கள், முடியவில்லையென்றால் பக்கவாட்டில் இறக்கிவிடலாம். மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் தடிமனான ரப்பர் மேட் இல்லாமல் இரும்பை உள்ளே கொண்டுவராதீர்கள், டைல்ஸும் போகும், கீழ் வீட்டாரோடு உறவும் போகும். ஏப்ரல், மே மாதத்தில் மொட்டை மாடி ஷீட் கூரைக்குக் கீழே மாலையில் நிற்கவே முடியாது, காலை ஐந்தரைக்கு எழுந்தால்தான் உண்டு.

டிரெட்மில் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் குதிரைத்திறன் பெரும்பாலும் உச்ச அளவு, மோட்டார் தொடர்ந்து தரும் திறன் அதைவிடக் குறைவு. பெல்ட்டுக்குச் சிலிகான் எண்ணெய், மோட்டார் சர்வீஸ் என்று செலவு தொடரும். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை இலவசம், அது தூரம் என்றால் உங்கள் ஏரியா பூங்கா இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. நடையை வெளியே முடித்துவிட்டு எடைப் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் மட்டும் ஜிம் போகிறவருக்கு அந்த 1,200 ரூபாய் நாளுக்கு 100 என்று ஆகிறது. ஆறு நாளும் போகிறவருக்கு 50. ஜிம் விலை மலிவா அதிகமா என்பது இங்கேதான் முடிவாகிறது.

பெண்களுக்குக் கணக்கு வேறு. பல ஏரியா ஜிம்களில் பெண்கள் நேரம் காலை பத்து மணி வாக்கில்தான், வேலைக்குப் போகிற என் அக்காவுக்கு அது எந்த வகையிலும் ஒத்துவரவில்லை, கட்டணம் மட்டும் ஆண்களுக்குள்ள அதே கட்டணம். இதை ஜிம் நடத்துபவர்கள் மாற்ற வேண்டும். அக்கா இப்போது எங்கள் வீட்டு இரும்பில்தான் பழகுகிறாள், ஸ்குவாட் மட்டும் நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை: நல்ல மாஸ்டர் இருக்கும் இடமாகப் பார்த்து மூன்று மாதம் மட்டும் கட்டுங்கள், வருஷத்துக்குக் கட்டினால் பாதி விலை என்று ஜனவரியில் ஆஃபர் சொன்னாலும் மூன்று மாதம்தான். ஸ்குவாட், தரையிலிருந்து தூக்குவது, தலைக்கு மேல் தள்ளுவது, இழுப்பது, இவற்றைச் சரியாகக் கற்றுக்கொண்டு வெளியே வந்து இரும்பு வாங்குங்கள். தனியாக இருந்தால் மனசு வராது, நாலு பேர் இருந்தால்தான் கை ஓடும் என்பவர்கள் ஜிம்மிலேயே தொடருங்கள், அவர்களுக்கு அந்தக் காசு வீண் இல்லை. வாங்குபவர்கள் மழைக்காலத்துக்கு முன்னால் பிளேட்டைத் துடைத்து மெல்லிசாகத் தேங்காயெண்ணெயோ மெஷின் ஆயிலோ தடவிவையுங்கள். ராடில் கை பிடிக்கும் இடத்தில் மட்டும் தடவ வேண்டாம், வழுக்கும்.